முப்பத்தொன்றாம் கேள்வி

தெப்ரே தாபோரைத் தாண்டி, லாரி ஏற மறுக்கும் இடத்திலிருந்து
இரண்டு மணி நேர ஏற்றம்.
மருத்துவமனைத் தொலைவுக்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறது.
செருப்பைப் பிடுங்கிவைத்துக்கொண்ட கருஞ்சேற்றுக்கு இல்லை.

வீட்டு எண் நூற்றுப் பதினான்கு.
பெயர் அஸ்னாக்கேச்.
வயது? பெரும் பஞ்சத்துக்கு மறு வருடம் பிறந்தாளாம்.
கழித்துப் பார்த்து முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
தண்ணீர் எவ்வளவு தூரம்?
"போகும்போது பனி, திரும்பும்போது வெயில்."
கழிப்பிடம்? சிரித்தாள்.
பிள்ளைகளின் முகம் இன்று கழுவப்பட்டதா?
கேட்டுக்கொண்டிருக்கும்போதே
சின்னவனின் கண்ணோரத்தில் ஈ ஒன்று
சொந்த வீடுபோல் வந்து உட்கார்ந்தது.
அவன் விரட்டவில்லை.
ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்றில்
ஒன்றை வட்டமிட்டேன்.

பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள்:
குழந்தையில் தொற்றும். ஆறும். மறுபடி தொற்றும்.
ஆறிய வடுக்கள் மேலிமையை உள்ளே இழுக்கும்,
நனைந்த தோல் காய்ந்து சுருள்வதுபோல்.
பிறகு முடி கருவிழியை நோக்கித் திரும்பும்.
கண்ணை இமை காப்பதுபோல் என்கிறோமே,
இங்கே வேலி சாய்ந்து பயிருக்குள் கிடக்கிறது.
நிமிடத்துக்குப் பதினைந்து இமைப்பு என்றால்
விழித்திருக்கும் ஒரு நாளுக்குப்
பதினாலாயிரத்து நானூறு உரசல்.
எனக்குப் பெருக்கல் நன்றாக வரும்.
அதற்குத்தான் சம்பளம்.

கேள்வி முப்பத்தொன்று:
கடந்த பன்னிரண்டு மாதங்களில்
கண்ணுக்காகச் செலவிட்ட தொகை, பிர்ரில்.

"ஒன்றுமில்லை" என்றாள்.

கழுத்துக் கயிற்றில் சிலுவையோடு
சின்ன இடுக்கி ஒன்று தொங்கியது. வொரெந்தோ என்பார்கள்.
"இதுவா? கொல்லன் அடித்தது.
ஒரு கோழி கொடுத்தேன். அது செலவா?"
பெரியவள் ஸெனெபெச் ஏன் பள்ளிக்குப் போகவில்லை?
"வெளிச்சம் இருக்கும்போதுதான் முடி பிடுங்க முடியும்.
பள்ளியும் வெளிச்சத்தில்தான் நடக்கிறது."
சந்தையில் மிளகாய் விற்று
பத்து பிர் தாளை ஐம்பது என்று நம்பி வாங்கிவந்ததைச் சொன்னாள்,
வெயிலும் அடுப்புப் புகையும் சேர்ந்தால் தாங்காமல்
இஞ்ஜெராவை இரவில் சுடுவதை,
அண்ணன் மகன் கல்யாணத்தில்
செத்த வீட்டுக்கு வந்தவள்போல் கண்ணீர் வழிய நின்றதை.
எதற்கும் விலை சொல்லத் தெரியவில்லை,
அவளுக்கும் எனக்கும்.

"அறுவை இலவசம்" என்றேன். அட்டையில் அச்சடித்த வாக்கியம்.
"தெரியும். தெஃப் முற்றும் வாரத்தில்தான் வருகிறார்கள்.
கட்டுப்போட்ட கண்ணோடு நீ அரிவாள் பிடித்துக் காட்டு."
கொஞ்சம் பொறுத்து,
"தங்கை போனாள். இரண்டு மழைக்காலம் நன்றாக இருந்தாள்.
இப்போது மறுபடி குத்துகிறது."
அதற்கும் ஒரு குறியீடு உண்டு. எழுதினேன்.

ஸெனெபெச் தண்ணீருக்குப் போய் இன்னும் திரும்பவில்லை.
வெயில் சுவரின் மேல்வரிசைக் கல்லுக்கு ஏறிவிட்டது.
அஸ்னாக்கேச் கயிற்றை அவிழ்த்து
இடுக்கியை என் உள்ளங்கையில் வைத்தாள்.
"உனக்குக் கண் தெரிகிறதே. இடது பக்கம், மூக்கோரம்."

விதிமுறைப்படி இது கூடாது.
படிவத்தை மடியில் கவிழ்க்காமல் வைத்துக்கொண்டு
அவள் தாடையைப் பிடித்து
மிச்ச வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பினேன்.
கை நடுங்கியது. மூன்றாம் முறைதான் வந்தது,
எள்ளைவிடக் கொஞ்சம் நீளம்.
பாரம் இறக்கிய கழுதைபோல்
மூச்சு விட்டாள்.

கூடாரத்தில் மேற்பார்வையாளர் வுபான்ட்டே
லாந்தரடியில் படிவங்களைப் புரட்டிக்கொண்டே வந்து
நின்றார்.
"முப்பத்தொன்றில் கோடு போட்டிருக்கிறாய்.
பூஜ்யமா, விடுபட்டதா?"
விரலால் தொட்டார். கோடு நகர்ந்தது.
ஊதிவிட்டார்.

அன்றிரவு நெடுநேரம்
இமைத்து இமைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றும் உறுத்தவில்லை.